நான் எழுதாத பக்கத்துக்குத் தடை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது.

போன வருடம் ஒரு நாவல் எழுதினேன். பெயர் வேண்டாம். சொன்னால் விளம்பரம் என்பீர்கள், சொன்னாலும் யாரும் வாங்கப் போவதில்லை. போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போகும் ஒருவனைப் பற்றியது. அதில் வறட்சி இருக்கிறது, கருவேல முள் இருக்கிறது, தத்துவம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. புதுக்கோட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் என்னை இன்னமும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீரமங்கலத்திலிருந்து பொற்கொடி டீச்சர் போன் செய்து, அந்த நாவலுக்கு அங்கே தடை போட்டிருக்கிறார்கள் என்றார். பள்ளியில் தமிழாசிரியை அவர். என் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிய உத்தமி. எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்தாளனுக்குத் தடையைவிடப் பெரிய விருது ஏது? யார் போட்டது, அரசாங்கமா என்று ஆவலோடு கேட்டேன். ஒரு சபையில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடிப் போட்டது என்றார். சரி, சின்னதாகவே தொடங்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எந்தப் பகுதிக்காக என்று விசாரித்தேன். ஒரு பெண் பஸ் ஏறிப் போகிற காட்சிக்காக என்றார்.

என் நாவலில் எந்தப் பெண்ணும் பஸ் ஏறுவதில்லை. பெண்களே மொத்தம் இரண்டு பேர்தான். ஒருத்தி செத்துப் போகிறாள், இன்னொருத்தி அதற்காக அழுகிறாள்.

டீச்சர் அந்தக் காட்சியைச் சொல்லக் கேட்டேன். என் நாவலில் எந்த இடமும் அவ்வளவு நன்றாக இல்லை. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

2

இதை எங்கிருந்து தொடங்குவது என்று முழித்துக்கொண்டிருந்தேன்.

*கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் விடியற்காலைப் பனி மல்லிகை மொட்டுகளின் மேல்* —

வேண்டாம். பூ என்றதும் பனியைத் துணைக்குக் கூப்பிடுவது எனக்குப் பழைய வியாதி.

*பெந்தெகொஸ்தே சபைகளில் வாசிப்புப் பண்பாடு என்பதை நாம் மூன்று கோணங்களில்* —

இது கட்டுரை. இரண்டாவது கோணத்திலேயே நீங்கள் எழுந்து காபி போடப் போய்விடுவீர்கள்.

*அன்புச்செல்வி அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.*

இது சரியாக இருக்கிறது. கடைசிவரை பொத்திவைத்திருக்க வேண்டிய ரகசியத்தை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டதுதான் குறை. போகட்டும். ரகசியத்தை வைத்துக்கொண்டு கண்ணாமூச்சி ஆடும் வயது உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

3

அன்புச்செல்வி கீரமங்கலத்தில் ஒரு இ-சேவை மையத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரில் அப்பா பெயர் மாறிப்போனது, எல்லாம் அவளிடம்தான் வரும். கணவன் ஆனந்தராஜ் தோஹாவில் கிரேன் ஓட்டுகிறான். குடும்பத்தை அவன் கட்டைவிரலால் நடத்துகிறான். அன்புச்செல்வி எதையாவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். மகளுக்கு வாங்கும் சுடிதார், மகள் படிக்கக் கேட்கும் புத்தகத்தின் அட்டை, எதுவானாலும் சரி. அங்கிருந்து ஒரு கட்டைவிரல் வரும். மேலே பார்த்தால் சம்மதம், கீழே பார்த்தால் இல்லை.

மகள் ஷர்லி ஒன்பதாவது படிக்கிறாள்.

அன்புச்செல்வி பிறந்த வீடும் கிறிஸ்தவ வீடுதான். ஆனால் அது மாதா கோயில் வகை. தேர் அன்றைக்குத் தலைகொள்ளாமல் பூ வைத்து வளர்ந்தவள். ஆனந்தராஜ் வீடு பெந்தெகொஸ்தே சபை வகை. பூ இல்லை, நகை இல்லை, சினிமா இல்லை. சுற்றுவட்டாரம் முழுவதும் தலையில் வைக்கும் பூவை விற்று அனுப்பும் ஊரில் பூ வைக்காமல் குடித்தனம் நடத்துகிறாள்.

[இந்த இடத்தில், பூக்கடையைத் தாண்டும்போதெல்லாம் அவள் ஒரு பெருமூச்சு விட்டதாக எழுதியிருந்தேன். டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். "பெருமூச்சா? அந்தம்மா கவுண்டர்ல போடுற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும் சார்," என்றார். பெருமூச்சை அடித்துவிட்டேன். நமக்குத் தெரியாத பெண்களுக்கெல்லாம் பெருமூச்சு வாங்கிக் கொடுத்துவிடுவது எழுத்தாளர்களின் தர்மம்.]

4

இனி அந்தக் குழு.

சபையில் பீட்டர் என்று ஒருவர். ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் பையன் எங்கிருந்தோ ஒரு பேய்க்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து படித்துவிட்டு, ஒரு வாரம் பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தான். துணைக்குப் போய் அலுத்துப்போன பீட்டர் பாஸ்டரிடம் முறையிட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'பிள்ளைகள் வாசிப்பு ஜெபக்குழு'. பள்ளிப்பாடம் தவிர எந்தப் புத்தகம் வீட்டுக்குள் வந்தாலும், பெற்றவரில் ஒருவர் முதலில் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குழுவில் சாட்சி சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டு முடிவு செய்வார்கள்.

சாட்சி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சபையில் ஒருவர் எழுந்து, கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று சொன்னால் அது சாட்சி. குறுக்கே கேள்வி கேட்பது வழக்கமில்லை. ஆமென் சொல்வதுதான் வழக்கம். புத்தகத்துக்கும் அதே முறையை வைத்துக்கொண்டார்கள். கெட்ட பக்கத்தை ஒருவர் படித்துக் கெட்டால் போதும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டால் போதும் என்பது ஏற்பாடு. என்ன இருந்தாலும் வேலை மிச்சம்.

மந்திரவாதி படம் போட்டது எல்லாம் தள்ளுபடி ஆனது. அட்டையில் ஒரு பெண் முதுகு தெரிய நின்றால் அதுவும். நட்சத்திரங்களைப் பற்றிய அறிவியல் நூல் ஒன்றை, ஜோசியம் என்று நினைத்துத் தள்ளிவிட்டார்கள்.*

* சிரிக்காதீர்கள். சிரித்துவிட்டு யோசித்தேன். ஒரு புத்தகம் ஒரு பிள்ளையை மாற்றிவிடும் என்று மனதார நம்புகிறவர்கள் இந்த மாவட்டத்திலேயே அவர்கள் மட்டும்தான். என் பதிப்பாளருக்குக்கூட அந்த நம்பிக்கை கிடையாது.

5

புத்தகத் திருவிழாவையொட்டிப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேச்சுப் போட்டி. ஒரு நாவலைப் படித்துவிட்டு மேடையில் பேச வேண்டும். பள்ளிக்கு ஒருவர்தான். பொற்கொடி டீச்சர் ஷர்லியைத் தேர்ந்தெடுத்தார், கையில் என் நாவலைக் கொடுத்தார். டீச்சரின் ரசனையைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு.

ஷர்லிக்கு அந்த மேடை வேண்டும். ஒப்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வேண்டும். சபையில் பாட்டுக்குத் தாளம் தட்டுவதைத் தவிர வேறு எதற்கும் அவளை யாரும் முன்னால் கூப்பிட்டதில்லை. முதல்முறையாகப் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள். புத்தகத்தை அம்மாவிடம் நீட்டிவிட்டு, சீக்கிரம் படிச்சிரும்மா என்று மட்டும் சொன்னாள். அடுத்த நிமிஷத்திலிருந்து அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரம் இ-சேவை சர்வர் படுத்துவிட்டது. கவுண்டரில் சனம் நெருக்கித் தள்ளியது. அன்புச்செல்வி வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கம் முழுவதும் ஒரே வாக்கியம். (அதை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது.) அவள் வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிப்போனாள். மறுநாளும் அதே இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

6

நல்ல புத்தகம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. அவளும் அதை யோசித்தாள். ஆனால் நல்லது என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும். நாளைக்கு உள்ளே ஏதாவது ஏடாகூடமாக இருந்து, நீ என்ன லட்சணத்தில் படித்தாய் என்று கேட்டால் மானம் போய்விடும். சரியில்லை என்று சொன்னால் அதோடு முடிந்தது. தடை செய்த புத்தகத்தை யார் சரிபார்க்கப் போகிறார்கள்? கவுண்டரில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிப் பழகியவளுக்கு இது கைவந்த கணக்கு. மகள் முகம் மனதில் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். நாவலில் ஒரு இடம் சரியில்லை, அவ்வளவுதான், என்றாள்.

குழுவில் இருந்த வனிதா விடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கேட்டுப் பழகியவள். என்ன இடம், நாகரிகமாகச் சொல்லுங்கக்கா, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம் என்றாள். பாஸ்டரும் தலையை அசைத்தார். பீட்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்புச்செல்வி எழுந்து நின்றாள். வாயைத் திறக்கும்வரை என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஒரு பொம்பளைங்க. அடுப்புல ஒல கொதிக்குது. அத எறக்கி வச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லாம புதுக்கோட்டை பஸ் ஏறிடுறா. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ரெண்டு முழம் மல்லியப்பூ வாங்கித் தலையில வச்சுக்கிறா. யாருக்காகவும் இல்லைங்க. சும்மா. அப்புறம் எந்த ஊருக்குப் போகுதுன்னு போர்டகூடப் பாக்காம இன்னொரு பஸ்ல ஏறி, ஜன்னலோரமா உக்காந்து..."

"ஸ்தோத்திரம். போதும் சிஸ்டர்," என்றார் பாஸ்டர்.

ஆமென் என்றார்கள் எல்லோரும். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னார்கள். தோஹாவுக்குத் தகவல் போனது. தடைக்குச் சம்மதமாக, மேலே பார்த்த கட்டைவிரல் வந்தது.

ஷர்லி அன்றைக்கு அம்மாவோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சமாதானம் என்று அன்புச்செல்வி நினைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றும் எடுபடவில்லை.

7

இனி நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

அந்த வாரம் கீரமங்கலத்திலிருந்து என் நாவலுக்கு ஆர்டர்கள் வந்தன. பதிப்பாளர் தப்பான நம்பர் என்று நினைத்து இருமுறை சரிபார்த்தார். ஒன்று ஹாலோ பிளாக் கம்பெனி முகவரிக்கு, வேலைக்காரர் பெயரில். ஒன்று ஆஸ்பத்திரி முகவரிக்கு. இன்னொன்று வாங்கியவரின் பெயரைச் சொன்னால் பாஸ்டருக்குச் சங்கடமாக இருக்கும், எனவே சொல்லவில்லை.

எல்லோரும் பஸ்ஸைத் தேடினார்கள். போர்வெல் லாரிதான் கிடைத்தது. பஸ் எங்கே என்று யாரிடம் கேட்பது? கேட்டால், தடை செய்த புத்தகத்தை நீ எதற்குப் படித்தாய் என்று வரும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முந்திக்கொண்டு எல்லோரும் ஒத்து ஊதினார்கள். ஆமாம், தற்செயலாகக் கண்ணில் பட்டது, படுமோசம். பீட்டர் ஒரு படி மேலே போய், அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாக ஓட்டலில் உட்கார்ந்து மட்டன் பிரியாணி சாப்பிடுவதாகச் சொன்னார். எலும்பைக்கூட விடவில்லை என்றார். வனிதா, வீட்டிலிருந்து போன் அடிக்க அடிக்க அவள் எடுக்கவே இல்லை, கடைசியில் அணைத்துப் பைக்குள் போட்டுவிடுகிறாள் என்றாள். சொல்லும்போது அவள் குரலில் கண்டனம் குறைவாகவும் களைப்பு அதிகமாகவும் இருந்தது. பாஸ்டர் தரையைப் பார்த்தபடியே, அவள் கடற்கரையில் செருப்பில்லாமல் நடப்பதாகவும் எழுதியிருக்கிறான், என்ன காலமோ, என்றார்.

அன்புச்செல்வி திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை அந்த ஆள் உண்மையிலேயே எழுதித் தொலைத்துவிட்டானோ என்று சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவள் சோற்றைக்கூட மறந்து புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டினாள். பஸ் இல்லை. பூ இல்லை. பிரியாணி இல்லை. அப்படியானால் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். அதை அவளால் வெளியே சொல்ல முடியாது, ஏனென்றால் முதல் பொய் அவளுடையது.

அதைவிட ஒன்று அவளை உறுத்தியது. பிரியாணி அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் எங்கே இறங்கினாள், என்ன சாப்பிட்டாள் என்றெல்லாம் சொல்ல இவர்கள் யார் என்று கோபம் வந்தது. அது அவளுடைய பஸ். ஒரு நாவலாசிரியனுக்கு வர வேண்டிய கோபம் அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. எனக்கு, அடுத்த பதிப்பில் அந்தக் காட்சியைச் சேர்த்துவிடலாமா என்றுதான் தோன்றியது.

8

மறுநாள் காலை பள்ளியில் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஷர்லிக்குப் பதில் வேறு பிள்ளை. கதையை இங்கே முடிச்சுப் போட வேண்டும். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) அன்புச்செல்வி அன்று மாலை சபையைக் கூட்டிக் கண்ணீரோடு உண்மையைச் சொல்கிறாள். பீட்டர் அழுகிறார். பாஸ்டர் அழுகிறார். என் நாவல் விடுதலையாகிறது. பூ வைக்காத சபை எனக்கு மாலை போடு —

ஞாயிறு பள்ளிக் கதை. அதுவும் யாருக்கு லாபம் என்று பாருங்கள்.

ஆ) எழுத்தாளர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கீரமங்கலம் போய், கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி ஒரு —

இதை டீச்சரிடம் உண்மையாகவே கேட்டேன். "வராதீங்க சார், இங்கிட்டு டீகூடக் குடுக்க மாட்டாங்க," என்றார்.

இ) ஷர்லிக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. அம்மா சொன்னதை நம்பி —

இந்த வாக்கியத்தை முடிக்கவே முடியவில்லை. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை அம்மா சொன்னதை நம்பிய காலம் எது என்று யாராவது சொல்லுங்கள்.

9

இனி வருவது டீச்சருக்கும் தெரியாது. நானாகப் போய் நின்றுகொண்டேன். எழுத்தாளன் அடுத்தவர் சமையலறைக்குள் கேட்காமல் நுழைகிறவன். நீங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். நிலைப்படி தாழ்வு, குனிந்து வரவும்.

அன்புச்செல்வி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஷர்லி வந்து நிலையில் சாய்ந்து நிற்கிறாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள்தான் முதலில் பேசுகிறாள்.

"அம்மா, அந்தப் புத்தகத்த நான் படிச்சுட்டேன்."

"யாரு குடுத்தா?"

"டீச்சருகிட்ட இன்னொன்னு இருந்துச்சு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல படிச்சேன். முழுசா. செம போரும்மா."

(இதை வெட்டியிருக்கலாம். நேர்மையான எழுத்தாளன் என்பதால் விட்டிருக்கிறேன்.)

"அப்புறம் எதுக்கு முழுசாப் படிச்ச?"

"அந்த பஸ்ஸத் தேடித்தான். நீ சொன்னத அன்னைக்கி வெளிய நின்னு கேட்டேன். அதுக்காகத்தான் படிச்சேன். அதுல அந்த பஸ்ஸே இல்ல."

அன்புச்செல்வியின் கத்தி நின்றது. திட்டலாம். தடை செய்த புத்தகத்தைப் படித்ததற்கு அடிக்கக்கூடச் செய்யலாம், சபையும் தோஹாவும் அவள் பக்கம் நிற்கும். வேறு பதிப்பாக இருக்கும் என்றும் சொல்லலாம். கவுண்டரில் இதைவிடப் பெரிய சமாளிப்பெல்லாம் சமாளித்தவள். ஆனால் ஒரு வாரமாக மகள் பேசாமல் இருந்தது அவளை உள்ளே அரித்திருந்தது. இப்போது சமாளித்தால் இந்தப் பிள்ளை இனி எதையுமே தன்னிடம் வந்து கேட்காது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை நினைத்ததும் பயந்துபோனாள்.

"இல்லதான்," என்றாள். "நான் படிக்கவே இல்ல. வாயில வந்ததச் சொன்னேன்."

"அப்ப இன்னைக்கும் கேட்டேனே, பீட்டர் மாமா பிரியாணின்னாரு?"

"அது அவரு பசி."

ஷர்லி சிரித்துவிட்டாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, வெங்காயத்தோடு சேர்ந்து கண்ணில் தண்ணீரும் வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் போட்டிக்கு ஒம் பேரக் குடுத்துரு என்றாள். சபையில் என்ன சொல்லுவாய் என்று மகள் கேட்டாள். படிக்காமல் சாட்சி சொன்னேன் என்று சொல்லுவேன், வேறு என்னத்தைச் சொல்ல, என்றாள். சொல்லும்போதே அதன் விலை அவளுக்குத் தெரிந்திருந்தது. இனி அந்தச் சபையில் அவள் எழுந்து நின்றால் ஆமென் அவ்வளவு சுலபமாக வராது. இவள் வாயைத் திறந்தால் இன்னும் மூன்று பேர் குட்டு வெளிப்படும், அவர்கள் லேசில் மன்னிக்க மாட்டார்கள். தோஹாக் கட்டைவிரல் கீழே பார்க்கும். பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

என் கணக்குப்படி கதை இங்கே முடிகிறது. மகளுக்கு மேடை, அம்மாவுக்கு விடுதலை, ஆசிரியனுக்கு விற்பனை. பேனாவை மூடிவிட்டேன். ஆனால் ஷர்லி நிலையைவிட்டு நகரவில்லை.

"அம்மா, அது நீயா?"

அன்புச்செல்வி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"அந்தப் பொம்பள. நீ போனியா? எப்ப போன? இல்ல, போகணும்னு நெனச்சதா?"

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். முதல் நாள் போனில் கேட்டபோதே மனதில் இருந்த கேள்வி அது. என்னவெல்லாமோ எழுதியும் என்னால் கேட்க முடியாததை அந்தப் பிள்ளை நின்றபடியே கேட்டுவிட்டாள். போனாளென்றால் திரும்பி வந்தவள்தானே இப்போது வெங்காயம் நறுக்குகிறாள்? போகவில்லையென்றால் இத்தனை வருஷமும் எதை எடுத்துவைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினாள்? இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும், அடுத்த நாவலுக்கு ஆகும். நான் இன்னும் ஒரு அடி உள்ளே வந்தேன். நீங்களும் வந்தீர்கள், மறுக்க வேண்டாம்.

அன்புச்செல்வி கையைக் கழுவினாள். மகளை உட்காரச் சொன்னாள். பிறகு வாசல் பக்கம் வந்து, ஆபீஸ் மூடும் நேரத்தில் கவுண்டருக்கு வந்து நிற்பவர்களைப் பார்ப்பதுபோல நம் இருவரையும் பார்த்தாள்.

"நீங்க கெளம்புங்க," என்றாள். "இது ஒங்களுக்கு இல்ல."

கதவைச் சாத்திவிட்டாள்.

காதை வைத்துக் கேட்டேன். கேட்காமல் இருந்தால் நான் எழுத்தாளனே இல்லை. அம்மாவின் குரல் தாழ்வாகக் கேட்கிறது. கவுண்டர் குரல் இல்லை. வார்த்தை புரியவில்லை. நடுவில் ஷர்லி "அய்யோ அம்மா" என்கிறாள், பிறகு மறுபடியும் அந்தத் தாழ்ந்த குரல்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். போனாள் என்றும் எழுதலாம், போகவில்லை என்றும் எழுதலாம், பீட்டரைப்போல எதையாவது சேர்த்தும் எழுதலாம். யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள். ஆனால் உள்ளே சொல்லப்படுவது மட்டும் நமக்குக் கிடைக்காது. பதினான்கு வயதுப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கும் எனக்கும் இன்னும் அந்த வயது வரவில்லை என்று அவள் அம்மா முடிவு செய்துவிட்டாள்.